மண்டபம் பிடிக்கும் முன் படிகளை எண்ணுவோம்

வானகரம் வணிகர்களுக்குப் புதிய ஊர் அன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சென்னைப் புறவழிச்சாலையும் சந்திக்கும் பகுதி. 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து அங்காடி கோயம்பேட்டுக்கு இடம் பெயர்ந்த பின், காஞ்சிபுரம், வேலூர் பக்கத்து வியாபாரிகள் சரக்கெடுக்க வந்து போகும் வழியும் இதுவே. கார், வேன் நிறுத்த இடம் தாராளமாகக் கிடைப்பதால் பெரிய பெரிய மண்டபங்கள் இங்கே எழுந்தன. 2022 ஜூன் 23, ஜூலை 11 ஆகிய நாட்களில் அ.தி.மு.க. பொதுக்குழு இங்குள்ள ஸ்ரீவாரு வெங்கடாசலபதி பேலஸ் மண்டபத்தில் கூடியபோது தமிழ்நாடு முழுவதும் வானகரம் என்ற பெயர் தெரிந்தது. அரசியல் கட்சிக்குப் பொருத்தமான ஊர் வியாபாரிகளுக்கும் பொருத்தமானதே. விற்பனையாளர் கூட்டம், கம்பெனிகளின் புதுச் சரக்கு அறிமுகம், சங்கப் பொதுக்குழு, வீட்டுத் திருமணம் என்று ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது நம்மில் பலர் இந்தப் பக்கம் வந்து போகிறோம். வெளியூர் அன்பர்கள் முதல் நாள் இரவே வந்து பக்கத்து ஓட்டல்களில் தங்குகிறார்கள்.

இவ்வளவு வசதியும் யாருக்கு என்று ஒரு கேள்வி நமக்கு எழுந்தது. நடக்க முடிந்தவருக்கு, படியேற முடிந்தவருக்கு. மற்றவர்களுக்கு?

இது யாரோ சிலருடைய சங்கதி என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறோம். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்றும், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர் என்றும் பதிவாயிற்று. அந்தக் கணக்கில் வராதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். முழங்கால் தேய்ந்தவர், பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் இழுத்துக் கொண்டவர், சர்க்கரை நோயால் விரலையோ பாதத்தையோ இழந்தவர், கண்புரையால் படியின் விளிம்பு தெரியாதவர் ஆகியோர் தம்மை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக் கொள்வதில்லை. அடையாள அட்டையும் வாங்குவதில்லை. காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணி வரை நின்றுகொண்டே இருப்பது நம் தொழில். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. அதில் மளிகைக் கடைக்காரரின் பங்கு என்ன என்று யாரும் தனியாகக் கணக்கெடுக்கவில்லை. நம் சங்கக் கூட்டத்தில் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்பவர்களை எண்ணினாலே போதும்.

பூந்தமல்லிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நடந்ததை இங்கே எழுத வேண்டும். அவர் பெயரும் வேண்டாம், அந்தக் கம்பெனியின் பெயரும் ஓட்டலின் பெயரும் வேண்டாம். ஒருவரைச் சுட்டிக் குறை சொல்வது நம் நோக்கமன்று. சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து விட்டார்கள். செயற்கைக் கால் பழகும் வரை சக்கர நாற்காலி. கடை நடக்கிறது, கல்லாவில் அவர்தான் உட்காருகிறார். நுகர்பொருள் கம்பெனி ஒன்று வானகரம் அருகே ஓர் ஓட்டலில் விற்பனையாளர் கூட்டம் போட்டது. அன்றே ஆர்டர் கொடுப்பவர்களுக்குத் தனித் தள்ளுபடி என்று அறிவிப்பு. நண்பர் முன்கூட்டியே போன் செய்து கேட்டிருக்கிறார். "லிப்ட் இருக்கு சார், எல்லா வசதியும் இருக்கு" என்று பதில் வந்தது.

பொய் இல்லை. லிப்ட் இருந்தது. ஆனால் லிப்டுக்குப் போக வாசலில் ஏழு படி. காவலாளிகள் இருவர், கம்பெனிப் பிரதிநிதிகள் இருவர், நாலு பேராக நாற்காலியோடு தூக்கினார்கள். வந்திருந்த வியாபாரிகள் எல்லாரும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். மேலே கூட்டம் நடந்த தளத்தில் கழிப்பறைக் கதவு இரண்டே கால் அடி. நாற்காலி நுழையவில்லை. அவர் இதை எதிர்பார்த்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறார். சர்க்கரைக்காரர், மாத்திரை போட்டவர், தண்ணீர் குடிக்காமல்! பதினொன்றரை மணிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. மறுபடி நாலு பேர் தூக்கி இறக்கி விட்டார்கள். ஆர்டர் எழுதும் நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த ஆண்டுத் தள்ளுபடி போயிற்று.

தள்ளுபடி போனதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "அரிசி மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போனாங்கண்ணே. மூட்டைக்காவது வெக்கம் கிடையாது" என்றார். அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் வருவதில்லை, மகனை அனுப்புகிறார். கூட்டத்துக்கு வராதவனுக்கு என்ன நட்டம் என்பது நமக்குத் தெரியும். சரக்கு நிலவரம், எந்த மில் கைமாறியது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் மேடையில் பேசப்படுவதில்லை. பந்தியிலும் வராந்தாவிலும்தான் பேசப்படுகிறது. முப்பது ஆண்டுகள் கட்டிய வியாபாரத் தொடர்பு ஏழு படிகளால் அறுந்து போகிறது.

அந்த ஏழு படியை எடுத்துக் கொள்வோம். படிக்கு அரை அடி என்றால் மொத்தம் மூன்றரை அடி உயரம். மத்திய அரசின் கட்டட வழிகாட்டி நெறிகள் சாய்தளத்துக்குச் சொல்லும் அளவு 12-க்கு 1. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். ஆக மூன்றரை அடிக்கு 42 அடி நீளச் சாய்தளம், இடையில் இளைப்பாறச் சமதளம், இருபுறமும் கைப்பிடி. இதைப் படித்ததும், "அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?" என்று மண்டபக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் மண்டபங்கள் பலவற்றில் இருக்கும் சாய்தளத்தைப் பாருங்கள். கேட்கிறார்களே என்று படியின் ஓரத்தில் ஆறடி நீளத்துக்குச் சிமெண்டைக் கொட்டி, மேலே வழவழப்பான கிரானைட் ஒட்டியிருப்பார்கள். அதில் நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் தம் கட்டித் தள்ள வேண்டும். இறங்கும்போது கை நழுவினால் நேரே கார் நிறுத்துமிடம்தான். மழை நாளில் நல்ல கால் உள்ளவனே அதில் வழுக்கி விழுவான். அதைச் சாய்தளம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

சாய்வு என்றால் என்ன என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிடங்கில் கைவண்டி ஏற நாமே போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் அது சுமைத் தொழிலாளி ஓடி வந்து வேகத்தோடு தள்ளி ஏற்றும் சாய்வு. உட்கார்ந்த இடத்தில் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டுபவருக்கு ஆகாது. மண்டபங்களிலும் இதே கதைதான். சமையல் கட்டிலிருந்து அண்டாக்களை ஏற்றச் சரக்கு லிப்ட் இருக்கும், விருந்தினருக்கு மாடிப்படி. சாம்பார் அண்டாவோடு சேர்ந்து ஒரு பெரியவர் மேலே போனதை நாமே கண்டிருக்கிறோம்.

சாய்தளத்துக்கு உண்மையிலேயே இடம் இல்லாத கட்டடங்கள் உண்டு. பல இடங்களில் வாகனம் நுழையும் பின்வாசலோ பக்கவாசலோ தரைமட்டமாக இருக்கும். அதைத் திறந்து, விளக்குப் போட்டு, அம்புக்குறி வைத்தாலே போதும். எதுவும் இயலாவிட்டால் குறைந்த உயரத்துக்கு ஏற்றும் சிறிய மின்தூக்கு மேடைகள் கிடைக்கின்றன.

மண்டபத்துக்குள் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கதவின் திறப்பு ஏறத்தாழ மூன்றடி, அதாவது 900 மில்லி மீட்டர். நாற்காலி வட்டமடித்துத் திரும்ப ஐந்தடி வெளி. பந்தியில் கடைசி வரிசையில் ஒரு மேசை முனையை ஸ்டூல் இல்லாமல் விட்டால் சக்கர நாற்காலிக்காரர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். இப்போது அவருக்கு ஓரமாகத் தனித் தட்டு போட்டுக் கொடுத்து விடுகிறோம். மேடை இன்னொரு தொல்லை. மூன்றடி மேடைக்கு 36 அடிச் சாய்தளம் வேண்டும், எந்த மண்டபத்திலும் இருக்காது. பரிசு வாங்கவோ பேசவோ அழைக்கப்படுபவர் ஏற இயலாதவர் என்றால் மேடையிலிருப்பவர்கள் கீழே இறங்கி வந்து மைக்கைக் கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை. காது கேளாத உறுப்பினருக்குத் தீர்மானங்களை முன்பே அச்சடித்துக் கையில் கொடுப்பதும் அப்படியே.

ஓட்டல் அறைகள் விஷயம் மண்டபத்தை விட மோசம். மண்டபத்தில் நாலு மணி நேரம். ஓட்டலில் ஓர் இரவு. அறைக் கதவு அகலமாக இருக்கும், கட்டில் நன்றாக இருக்கும், குளியலறைக் கதவு மட்டும் இரண்டடி! தண்ணீர் வெளியே வராதிருக்க நாலு அங்குல வாசற்படி வேறு. சக்கர நாற்காலியின் அகலமே இரண்டடிக்கு மேல். உள்ளே போனாலும் பிடித்து எழுந்திருக்கக் கம்பி கிடையாது. துண்டு போடும் கம்பியைப் பிடித்தால் அது கையோடு வந்து விடும். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்று தனியாக வைத்திருக்கும் பெரிய ஓட்டல்களும் உண்டு. ஆனால் அந்த அறை நாம் கேட்கும் நாளில் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கும், அல்லது அதன் குளியலறையில் உபரி மெத்தைகள் அடுக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் ஓட்டல்களுக்கு ஒரு விதி உண்டு. 2012 மார்ச் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அறை பதிவு செய்யும்போதே கதவு எப்படி, குளியலறை எப்படி என்று வாடிக்கையாளர் தாமே முடிவு செய்யும் அளவுக்கு விவரம் சொல்ல வேண்டும். பதிவு செய்த அந்த அறையை அவருக்கென்றே நிறுத்தி வைக்க வேண்டும். "எல்லா வசதியும் இருக்கு" என்ற பதில் அங்கே செல்லாது. நாம் அளவு சொல்லிச் சரக்கு விற்பவர்கள். இந்த விதியின் அருமை மற்றவரை விட நமக்கு நன்றாகப் புரியும்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் அன்பர்கள் கவனிக்க வேண்டியது, பொதுக் கட்டடம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம். அரசுக் கட்டடம் மட்டுமன்று; பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும், வணிகம் நடக்கும் இடமும் அதில் அடக்கம். 44-ஆவது பிரிவின்படி, விதிகளுக்கு ஒத்துவராத புதிய கட்டட வரைபடத்துக்கு அனுமதி கிடையாது, முடிப்புச் சான்றும் கிடையாது. 45-ஆவது பிரிவு ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் தவணை கொடுத்தது. விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதம். தவணை 2022-லேயே முடிந்து விட்டது. 46-ஆவது பிரிவு பொதுமக்களுக்குச் சேவை அளிப்போர் அரசானாலும் தனியாரானாலும் இரண்டே ஆண்டுகளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் வரை.

இத்தனை இருந்தும் ஏன் எதுவும் மாறவில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றமே 2024 நவம்பர் 8-ல் விடை சொன்னது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005-ல் தொடுத்த வழக்கு அது. சட்டம் கட்டாயம் என்கிறது, 2017 விதிகளின் 15-ஆவது விதியோ வெறும் வழிகாட்டி நெறிகளைச் சுட்டிக்காட்டி விட்டு விடுகிறது. எனவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. எவராலும் தட்டிக் கழிக்க முடியாத குறைந்தபட்சக் கட்டாய அளவுகளைத் தனியே பிரித்து மூன்று மாதங்களில் விதியாக வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஒரு வழக்கு முடிய 19 ஆண்டுகள்! வணிகர் வழக்குகள் நினைவுக்கு வந்தால் நாம் பொறுப்பில்லை.

நீதிமன்றம் வரை போன இன்னொரு நிகழ்ச்சி நம் கூட்டத்துக் கதைக்கு மிக நெருக்கமானது. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் என்ற பெண்மணி, 2012 பிப்ரவரி 19 அன்று கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டில் கலந்து கொள்ள விமானம் ஏறினார். இருக்கையில் உட்கார்ந்த பிறகு, அவரது உடல்நிலையைக் காரணம் காட்டி ஒரு தனியார் விமான நிறுவனம் இறக்கி விட்டது. மாநாடும் போயிற்று. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஒருவரைக் கூட்டத்துக்கு வர விடாமல் செய்வதற்கு நீதிமன்றம் போட்ட விலை அது.

நல்லதும் நடக்காமல் இல்லை. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது முதல், லிப்டில் ஏறி, நடைமேடைக்கும் பெட்டிக்கும் படியில்லாமல் நுழைய முடிகிறது. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே செல்ல 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் முனை சேதமடைந்தபோது சிலர் கேலி பேசினார்கள். மாநகராட்சி பழுது பார்த்தது. ஆனால் கோயம்பேட்டில் மெட்ரோவை விட்டு இறங்கியவர் வானகரம் மண்டபத்துக்கு வந்து சேர ஆட்டோவுக்கு நாற்காலியை மடக்கி, மாநாட்டு வாசலில் இறங்கி, அங்கே ஏழு படியைப் பார்த்தால், மெட்ரோ லிப்டால் அவருக்கு என்ன லாபம்?

மண்டப உரிமையாளர்களும் ஓட்டல்காரர்களும் நம்மைப் போன்ற வியாபாரிகள்தாம். நம் சங்கத்திலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வியாபார மொழியிலேயே ஒன்று சொல்வோம். வானகரம்–அம்பத்தூர் சாலையில் அப்போலோ மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் வருபவர், வீட்டுக்குப் போகும் முன் இரண்டு நாள் பக்கத்தில் தங்குபவர், மறுபரிசோதனைக்கு வெளியூரிலிருந்து வருபவர் ஆகியோருக்கெல்லாம் குளியலறையில் கைப்பிடி, அகலக் கதவு, மேற்கத்தியக் கழிப்பறை உள்ள தரைத்தள அறை வேண்டும். அப்படி இரண்டு அறை வைத்திருக்கும் ஓட்டல்காரர் கதவை அகலப்படுத்திய செலவைத் திருப்பி எடுக்க வெகுநாள் ஆகாது என்பது நம் கணிப்பு. திருமண மண்டபத்துக்கும் இதே நியாயம்தான். பாட்டி ஏற முடியாத மண்டபத்தை எந்தக் குடும்பம் விரும்பும்?

நம் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வாய்க்கு மேல் கல் போட்டு, அதற்கு மேல் இரண்டு படி வைத்த கடைகள் நம்முடையவை. வாசலுக்கு வெளியே சாய்தளம் கட்டினால் ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி இடித்து விடும் என்பதும் உண்மை. எடுத்து வைக்கும் மரப்பலகையோ இரும்புப் பலகையோ தச்சரிடம் செய்து கொள்ளலாம். அரை அடிப் படிக்கு ஆறடிப் பலகை. வேண்டும்போது போட்டு, இரவு உள்ளே எடுத்து வைக்கலாம். அதுவும் முடியாத சந்துக் கடைக்காரர், வாடிக்கையாளர் வாசலில் நின்று கூப்பிட ஒரு மணியாவது வைக்கலாம்.

இனி நம் சங்கம் செய்ய வேண்டியது. அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகிகள் தேர்தல் இருக்கிறது. சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு. வாக்குப்பெட்டி மாடியில் இருந்தால் சிலருக்கு அந்த ஓட்டு ஏட்டளவில்தான். ஆகவே வாடகை, சாப்பாட்டு விலை பேசுவதோடு நில்லாமல், தரைத்தளக் கூடம் அல்லது வாசலிலிருந்தே படியின்றிச் சென்று சேரும் லிப்ட், நாற்காலி நுழையும் கழிப்பறை ஒன்று, பக்கத்து ஓட்டலில் அதே வசதியோடு இரண்டு அறை ஆகியவற்றை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு முன்மொழிகிறோம். வாய்ப்பேச்சு வேண்டாம். அழைப்பிதழில் "வருகைக்கு உதவி தேவைப்படுவோர் முன்கூட்டித் தெரிவிக்கவும்" என்று ஒரு வரியும், அதற்கு ஒரு போன் எண்ணும் சேர்க்கலாம்.

மண்டபம் பார்க்கப் போகும் குழு வழக்கமாக மேடை அலங்காரத்தையும் சமையல் கட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பும். இம்முறை அளவு நாடா ஒன்றைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்; ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பயன்படுத்தும் உறுப்பினர் ஒருவர் கூடவே வர வேண்டும். அவர் கழிப்பறை வரை போய்த் திரும்பி வந்து சரி என்று சொன்ன பிறகே அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. பூந்தமல்லி நண்பரிடம் கேட்டோம். குழுவோடு வரச் சம்மதித்திருக்கிறார். இன்னும் இருவர் தேவை. விருப்பமுள்ள உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.